சலவைக்குப் போன பாஸ்போர்ட்

1

என் மகள் மித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. போன வாரம் மாணவர் பரிமாற்றம் என்று சொல்லி அவள் வகுப்பை பிரான்சில் ஒரு ஊருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு குடும்பத்தில் பத்து நாள் தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் பாஷையைப் பேசிப் பழக வேண்டும். பிறகு அந்த வீட்டுப் பெண் வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்குவாள். எங்கள் வீட்டு ரசத்தை அந்தப் பிள்ளை என்ன செய்யப் போகிறதோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், இங்கே ஜெர்மனியில் காலை ஷிஃப்ட் முடிந்து டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். மித்ரா போன் செய்தாள்.

"அப்பா, என் அடையாள அட்டை தொலைஞ்சிடுச்சு."

மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எங்கே வைத்தாய், எத்தனை தடவை சொன்னேன், பையின் உள்பக்கத்து ஜிப்பில் வை என்று சொன்னேனா இல்லையா என்று ஆரம்பித்தேன்.

"திட்டினா கிடைக்குமாப்பா?" என்றாள். அவள் தமிழ் மெதுவாக வரும். நடுநடுவே ஜெர்மன் சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "டீச்சர்கிட்ட உடனே சொல்லிட்டேன். போலீஸ்ல பேப்பர் வாங்கிட்டோம். நீங்க ஒரு மெயில் அனுப்பணும். அவ்வளவுதான்."

உடனே சொல்லிட்டேன் என்றாளே, அதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து அவளே கேட்டாள்: "நீங்க எதையும் தொலைச்சதே இல்லையா?"

டிராம் வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். டிராம் வர இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

நான் தொலைத்திருக்கிறேன். தொலைத்ததை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். சேரப்பணஞ்சேரியில் இருக்கும் என் தங்கை மஞ்சுளாவிடம் பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதை இந்த வாரம் அவளிடம் சொல்லிவிடுவது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

2

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கார் கம்பெனிக்கு ஜெர்மனியில் ஒரு தாய்த் தொழிற்சாலை உண்டு. ஒரகடத்திலிருந்து அங்கே பன்னிரண்டு பேர், அங்கிருந்து ஒரகடத்துக்கு நாலு பேர் என்று ஆறு மாதத்துக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் திட்டம் ஒன்று வந்தது. ஜெர்மனியிலிருந்து வருபவர்களுக்கு ஹோட்டல், ஒரகடத்திலிருந்து போகிறவர்களுக்கு ஹாஸ்டல். இருந்தாலும் என்ன, ஐடிஐ படித்துவிட்டு லைனில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த எனக்கு விமானம் ஏறக் கிடைத்ததே பெரிது.

அப்பா அப்போதே இல்லை. அம்மா ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலை கேண்டீனில் தட்டு கழுவினாள். மஞ்சுளா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தாள். அந்தக் காண்ட்ராக்டர் வேலைக்குச் சேரும்போதே அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டவன். அதைத் திருப்பி வாங்க அம்மா ஏழு மாதம் அலைந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவாள், நாளைக்கு வா என்பான். அந்த ஏழு மாதத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு பாடம் பதிந்துபோனது. ஒரிஜினல் என்பது உடம்போடு இருக்க வேண்டும்.

எனக்குப் புறப்படுவதற்கு முன்னால் கம்பெனியில் இரண்டு செட் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள். அம்மா தன் பழைய உள்பாவாடையைக் கிழித்து, இரண்டு சட்டையிலும் நெஞ்சுக்கு உட்பக்கமாக ஒரு பை தைத்தாள். பாஸ்போர்ட் அளவுக்குச் சரியாக.

"எவன் கேட்டாலும் குடுக்காத. வெள்ளக்காரனா இருந்தா இன்னா, காண்ட்ராக்டரு காண்ட்ராக்டருதான். இத்த நீ போட்டுக்கினே இரு" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அவள் சொன்னபடியே செய்தேன். ஒரு மாதம் நெஞ்சில் பாஸ்போர்ட் உறுத்திக்கொண்டே வேலை கற்றுக்கொண்டேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் அன்றைக்குக் கையே ஓடாது.

3

இரண்டாவது மாதம் என்னை பெயிண்ட் ஷாப்புக்கு மாற்றினார்கள். பெயிண்ட் ஷாப் என்றால் கோவில் கருவறை மாதிரி. வெளித்துணி உள்ளே போகக்கூடாது. ஒரு நூலிழை பறந்து கார் மேல் விழுந்தாலும் பெயிண்டில் புள்ளி விழும். முதல் நாள் காலையில் ஹெல்முட் என்கிற சூப்பர்வைசர், நல்ல மனுஷர், எனக்கு ஒரு வெள்ளை அங்கியைக் கொடுத்தார். கூடவே ஒரு துணிப்பையும் ஒரு நம்பர் வில்லையும். 41. கழற்றிய சட்டையைப் பையில் போடு, பையை அந்தத் தள்ளுவண்டியில் மாட்டு என்று கையால் காட்டினார்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. எங்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுப்பார். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்தால் போன் வரும். ஹெல்மெட், டிபன் கேரியர், வெளி ஆள் கொண்டுவந்த லேப்டாப், எல்லாம் அப்படித்தான். டோக்கன் கையில் இருந்தால் பொருள் பத்திரம். ஒருநாளும் அது பொய்த்ததில்லை. 41 என்ற வில்லையை வாங்கியதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பரவாயில்லையே, இங்கேயும் டோக்கன் முறை இருக்கிறதே என்று நினைத்தேன். நெஞ்சுப்பையில் பாஸ்போர்ட் இருப்பது தெரிந்தேதான் சட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன்.

சாயங்காலம் டோக்கனை நீட்டினேன். ஹெல்முட்டுக்குப் புரியவில்லை. தள்ளுவண்டியைக் காணோம். அந்தப் பைகள் அழுக்குத்துணிப் பைகள். மதியம் இரண்டு மணிக்கு வண்டி வந்து எல்லாவற்றையும் வெளியூர்ச் சலவைக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வியாழக்கிழமை இஸ்திரி போட்டுத் திரும்ப வருமாம்.

ஒரகடத்தில் யூனிஃபார்மை வீட்டுக்கு எடுத்துப்போய் நாமே துவைப்போம். அம்மா பக்கெட்டில் போடுவதற்கு முன்னால் பாக்கெட்டையெல்லாம் தடவிப் பார்ப்பாள். கம்பெனி துவைத்துத் தரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஹெல்முட் சலவைக்கூடத்துக்கு போன் செய்தார். பை ஏற்கெனவே இயந்திரத்துக்குள் போயிருந்தது. போலீஸ் நிலையத்துக்கும் அவரே கூட்டிப்போனார். திருடப்பட்டதா, தொலைந்ததா என்று அங்கே கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "குளிக்கப் போயிருக்கிறது" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை சட்டை வந்தது. மடிப்புக் கலையாத இஸ்திரி. உள்பையில் கட்டியாக ஒரு காகித உருண்டை. என் முகமும் இல்லை, நம்பரும் இல்லை, விசாவும் இல்லை. அம்மா போட்ட தையல் மட்டும் ஒரு இழைகூடப் பிரியவில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா போன் செய்தாள்.

"அம்மாவுக்குக் கால் வீங்கிக்கினே போவுதுண்ணா. கிட்னின்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி வந்துக்கினு இருக்கோம். ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன். வாய் தொறந்து கேக்க மாட்டாங்க, ஆனா உன்னியேதான் நெனச்சிக்கினு கீறாங்க."

பாஸ்போர்ட் விஷயம் வாய்வரை வந்தது. சொன்னால் அம்மா கேட்கிற முதல் கேள்வி எதில் வைத்திருந்தாய் என்பதாக இருக்கும். நான் தச்ச பையிலயா என்பாள். உடம்பு முடியாதவளுக்கு அது வேறு எதற்கு? லீவு கேட்கிறேன் என்றேன். மறுவாரம், லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றேன். அம்மாவே போனை வாங்கி, "குடுக்கலன்னா இன்னா பண்ணுவ? நீ வேலையப் பாரு. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். நம்பிவிட்டாள் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

இதுவரைக்கும் சொன்னதை ஒரு மகன் அம்மாவுக்காகச் சொன்ன பொய் என்று நீங்கள் மன்னித்துவிடலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் மன்னித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு திங்கட்கிழமை இருந்தது. இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு ரயில் ஏறிப் போனேன். கூட வந்தவன் ஏழுமலை, ஹாஸ்டலில் என் அறைக்காரன், வாலாஜாபாத்துக்காரன். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் நிதானமாக, இரண்டு முறை விளக்கினார். அவசரமாக ஊருக்குப் போவதென்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள். நாலு நாளில் கிடைத்துவிடும். அதை வைத்து ஊருக்குப் போகலாம், ஆனால் அது ஒருவழிக்குத்தான். விசா பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதால், ஊரில் புது பாஸ்போர்ட் எடுத்து, திரும்ப விசா எடுத்துத்தான் வர வேண்டும். இல்லையென்றால் இங்கிருந்தே புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஊரில் விசாரணை முடிந்து வர ஐந்தாறு வாரம் ஆகும்.

இரண்டு படிவத்தையும் என் கையில் கொடுத்தார்.

எங்கள் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரை இங்கேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. ஹெல்முட் என் பெயரைச் சொல்லியிருந்தார். நடுவில் போனால் அந்த இடம் போய்விடும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை கடைசியில் பொறுமை இழந்தான்.

"இன்னாடா யோசன? வூட்டுக்குப் போடா. இந்த ஊரு எங்கியும் ஓடிப் போவாது. அங்க போயி அம்மாவப் பாரு."

"ஆறு வாரந்தானே ஏழுமல. அம்மா ஸ்ட்ராங்கு. தாங்கும்."

"தாங்கும்னு நீ சொல்றியா, டாக்டரு சொன்னாரா?"

நான் எழுந்தேன். உள்ளே போய் இரண்டாவது படிவத்தைக் கொடுத்தேன். முதல் படிவத்தை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஊரில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் சேரப்பணஞ்சேரி வீட்டு முகவரியை எழுதினேன்.

5

அம்மா போனபோது புது பாஸ்போர்ட் வரவில்லை. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். போனில் மஞ்சுளா அழுதாள், நான் அழுதேன், கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனேன். ஹெல்முட் என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். போக மறுத்துவிட்டேன். போய் என்ன செய்வது?

நிரந்தர வேலை கிடைத்தது. ஏழுமலைக்குக் கிடைக்கவில்லை, ஊருக்குப் போய் இப்போது ஒரகடத்தில் நல்ல நிலையில் இருக்கிறான். நான் இங்கேயே இருந்து, கல்யாணம் செய்து, மித்ராவைப் பெற்று, ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிவிட்டேன். இன்றைக்கும் அதே பெயிண்ட் ஷாப்தான். இப்போது புள்ளி விழுந்ததா என்று பார்க்கிற வேலை. புதிதாக வருகிற பையன்களிடம் பாக்கெட்டைக் காலி செய் என்று நான் கத்துவது அங்கே ஒரு வேடிக்கை. எதற்குக் கத்துகிறேன் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை மஞ்சுளா அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு இலை போட்ட படம் அனுப்புவாள். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புவேன். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். என்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவள் விடமாட்டாள். "எங்கண்ணன் வர முடியாமத்தான் வரல" என்பாளாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

அன்றைக்கு முதல் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் முழுதாக நினைக்க முடிவதில்லை. கொடுத்திருந்தால் இந்த வீடு இல்லை. என் மனைவியைச் சந்தித்திருக்க மாட்டேன். மித்ரா என்று ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். பாதி நினைப்பிலேயே அவள் "அப்பா, சாப்பிட என்ன இருக்கு" என்று வந்து நிற்பாள். தப்பு என்று தெரிந்தும், நடந்திருக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியாத தப்பு இது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

6

சனிக்கிழமை மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே மதியம். அவள் இப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஓ.டி. முடிந்து, சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். லாரி ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"மித்ரா கார்டத் தொலச்சிட்டா மஞ்சு, வெளியூர்ல" என்று ஆரம்பித்தேன். "அதான் ஒண்ணு சொல்லணும்னு. நானும் அப்போ பாஸ்போர்ட்டத் தொலச்சிட்டேன். லீவு குடுக்கலன்னு சொன்னது பொய்."

லாரிச் சத்தம் போய்விட்டது. எங்கேயோ ஒதுங்கி நிற்கிறாள் போலிருந்தது.

"தெரியும்ணா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"பாஸ்போர்ட் தொலஞ்சது. அப்பவே தெரியும். ஸ்டேஷன்லேர்ந்து ஒரு போலீஸ்காரரு விசாரிக்க வந்தாரு. உங்க பையன் பாஸ்போர்ட்டு தொலச்சிட்டு புதுசு கேட்டிருக்காரு, இதான் அவரு வூடான்னு கேட்டாரு. அம்மாதான் கையெழுத்துப் போட்டாங்க."

விசாரணை என்றால் எனக்குத் தெரிந்து ஸ்டேஷனோடு முடிந்துபோகிற காரியம். முதல் பாஸ்போர்ட்டுக்கு நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு ஆள் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"அம்மா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே?"

"சத்தியம் வாங்கிக்கினாங்க. நீயே சொல்லல இல்ல, அப்போ எங்களுக்குத் தெரியும்னு உனக்குத் தெரிய வேணாம்னுட்டாங்க. நான் தச்ச பையிலதான் வெச்சிருப்பான், அதுலதான் எங்கியோ உழுந்து பூட்டிருக்கும், நானே எம்புள்ளைய வர முடியாம பண்ணிட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. கடேசி வரைக்கும் அதான். மத்தவங்க யாரு உன்னியக் கேட்டாலும், அவன் மேல தப்பு இல்ல, என் தப்புன்னுவாங்க."

எதை அம்மா சுமக்கக் கூடாது என்று பொய் சொன்னேனோ, அதையேதான் அவள் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். அதுவும் அவளுடையது இல்லாத ஒன்றை.

அத்தோடு விட்டிருக்கலாம். மஞ்சுளா என்னை மன்னிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் மனசில் என் மேல் குற்றமே இல்லை. ஆனால் விட்டால் அம்மாவின் மேல் அது அப்படியே நிற்கும்.

"மஞ்சு, நான் வந்திருக்கலாம்."

"இன்னா?"

"பாஸ்போர்ட் இல்லாமலே வர ஒரு வழி இருந்துச்சு. ஒரு பேப்பர் குடுத்தாங்க. வந்தா திரும்பிப் போறது கஷ்டம். வேல பூடும். அதான் நான் அத்த எழுதிக் குடுக்கல. அம்மா பை தச்சதால இல்ல. நான்தான் வரல."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எத்தினி நாள்ல வந்திருக்கலாம்?" என்றாள்.

"நாலு நாள்ல."

"போலீசு வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. அவரு வர்றதுக்கு முன்னாடியே வந்திருப்பேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலத்தான் சொன்னாள்.

"போலீசு வந்த அன்னிக்குக்கூட அம்மா எழுந்து நடந்துதான் வெளிய வந்தாங்க. உக்காருங்க சார்னு சொல்லி, உள்ள போயி அவங்க கையாலதான் அவருக்கு டீ போட்டுக்கினு வந்து குடுத்தாங்க."